61 நாள் சும்மா கிடக்கும் பேட்டரிக்கு எந்தக் கன்ட்ரோலர்?

ஏப்ரல் 15 ஆச்சுன்னா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல விசைப்படகுகள் நெருக்கிக்கிட்டு நிக்கும். கிழக்குக் கடற்கரையில 2001ல 45 நாளா இருந்த மீன்பிடித் தடைக்காலம், 2017லேருந்து 61 நாள். ஜூன் 14 வரைக்கும். வலையை சரிபார்ப்பாங்க, பெயின்ட் அடிப்பாங்க, இன்ஜினைப் பிரிச்சுப் போடுவாங்க. பேட்டரியை மட்டும் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. வெளிநாட்டுல வீட்டு வண்டியை, அதாவது கேரவனை, குளிர்காலம் முழுக்க ஷெட்டுல போட்டு வைக்கிறவங்களுக்கும் இதே தலைவலிதான். என்ன, அங்க குளிரு, இங்க கத்திரி வெயில்.

லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலும் தானா இறங்கும். 25 டிகிரியில மாசத்துக்கு 5 சதவீதம்னு வச்சுக்கிட்டா, ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அந்த வேகம் சுமாரா ரெண்டு மடங்காகும். மே மாசத்து இன்ஜின் ரூம் எப்படி இருக்கும்னு சொல்லணுமா? அதோட ஜிபிஎஸ், அலாரம்னு ஏதாவது ஒண்ணு 50 மில்லி ஆம்ப் இழுத்துக்கிட்டே இருந்தா, 61 நாள்ல 73 ஆம்பியர் ஹவர் காலி. 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில அது பாதி. அரைகுறையா இறங்கின நிலையில வாரக்கணக்குல கிடந்தா, தகடுல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும். அப்புறம் சார்ஜ் ஏத்தினாலும் பழைய கொள்ளளவு வராது. சில படகுல உள்ளே கசியிற தண்ணியை இறைக்கிற பம்பும் இதே பேட்டரியிலதான் ஓடுது. அது நின்னா போறது பேட்டரி மட்டும் இல்லை.

சரி, ஒரு சின்ன சோலார் பேனலை நேரா மாட்டிடலாமேன்னு கேப்பீங்க. '12 வோல்ட்' பேனல்னு விக்கிறது உண்மையில 18 வோல்ட் வாக்குல வேலை செய்யும். ரெண்டு மாசம் தடுப்பே இல்லாம விட்டா தண்ணி வத்தும், ஹைட்ரஜன் வரும். மூடின இன்ஜின் ரூம்ல ஹைட்ரஜன் விளையாட்டு இல்லை. அதனாலதான் நடுவுல சார்ஜ் கன்ட்ரோலர்.

கடையில போனா ரெண்டு வகை காட்டுவாங்க. பி.டபிள்யூ.எம். விலை கம்மி, பேனலை பேட்டரியோட சேர்த்து சேர்த்து துண்டிக்கும், அவ்வளவுதான். எம்.பி.பி.டி. விலை கூட, பேனல்ல மிச்சம் இருக்கிற வோல்டேஜை கரன்ட்டா மாத்தித் தரும். கடைக்காரர் ரெண்டாவதைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார். ஆனா நம்ம ஊர்ல பேனல் 60 டிகிரிக்கு மேல சுடும்போது அந்த 18 வோல்ட் 15 பக்கம் இறங்கிடுது. பேட்டரி 13.5ல நிக்குது. மாத்தித் தர மிச்சமே பெருசா இல்லை! நமக்குத் தேவையும் கொஞ்சம்தான்: நான் சொன்ன கணக்குக்கு நாளைக்கு 2 ஆம்பியர் ஹவர். 40 வாட் பேனல் நல்ல வெயில்ல 10 வரைக்கும் கொடுக்கும். எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூசியும் சாம்பலும் படிஞ்சு பாதியானாக்கூட போதும். அதனால என் ஓட்டு 10 ஆம்ப் பி.டபிள்யூ.எம்.முக்கு. வீட்டு மாடியில போடுற 30 வோல்ட் பெரிய பேனல் கையில இருந்தா மட்டும் எம்.பி.பி.டி. பக்கம் போங்க.

மிச்சப்படுத்தின காசை வேற இடத்துல போடணும். சும்மா கிடக்கிற பேட்டரியை முழுசா ஏத்தின பிறகு 13.6 வோல்ட்டுல பிடிச்சு வைக்கணும். இதை ஃப்ளோட்னு சொல்லுவாங்க. அந்த 13.6, 25 டிகிரிக்கு உண்டான கணக்கு. பேட்டரி 40 டிகிரியில இருந்தா 13.2, 13.3 போதும், அதுக்கு மேல போனா தண்ணிதான் கொதிக்கும். இந்தத் திருத்தத்தை தானே செய்யிற, தனி வயர்ல சென்சார் வர்ற மாடலா கேளுங்க. கன்ட்ரோலருக்குள்ளேயே சென்சார் இருந்தா, அது மேல வீல்ஹவுஸ் சூட்டைத்தான் அளக்கும். பேட்டரி கீழே வேற சூட்டுல இருக்கும். சென்சாரை பேட்டரி மேலேயே ஒட்டணும். உப்புக்காத்துல திறந்த சர்க்யூட் போர்டு நிக்காது, அதனால நல்லா சீல் பண்ணின பெட்டியா பாருங்க.

மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழட்டும்போது தலைகீழ். பேட்டரி பக்கத்துலேயே ஒரு ஃபியூஸ். பேட்டரி வகையை செட்டிங்ல சரியா வைங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரின்னா இந்த ஏற்பாடே வேண்டாம். பாதி சார்ஜ்ல வச்சு, வயரைக் கழட்டி, நிழல்ல வச்சாப் போதும்.

ஜூன்ல கிளம்புறதுக்கு முன்னாடி பேனலைக் கழட்டி, சில மணி நேரம் கழிச்சு மீட்டர் வைங்க. 12.6க்கு மேலன்னா தாராளமா ஸ்டார்ட் பண்ணலாம். 12.2க்குக் கீழேன்னா அதை நம்பி கடலுக்குப் போகாதீங்க. கரையில கிடக்கும்போதே முழுசா சார்ஜ் போட்டு, பேட்டரி கடையில லோடு டெஸ்ட் பண்ணிடுங்க.