கோடிகளுக்குப் போன வண்டி, சட்டையில் குத்தும் கொடி

2021 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் ஓர் ஏலம். ஹம்மர் மின்சார டிரக்கின் முதல் வண்டி 25 லட்சம் டாலருக்குப் போனது. பணம் முழுவதும் 'டனல் டு டவர்ஸ்' அறக்கட்டளைக்கு. பணியில் உயிரிழந்த ராணுவத்தினர், தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களுக்குக் கடன் சுமை இல்லாத வீடு தரும் அமைப்பு அது.

நம்மிடம் அதே வேலையைச் செய்வது ஒரு சின்னக் கொடி. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்கள், உடல் உறுப்பை இழந்த வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் நலனுக்கு அந்த நிதி போகிறது.

ஏலம் கேட்கக் கோடி வேண்டும். கொடி நாளுக்கு உத்திரமேரூர் மாணவியின் பத்து ரூபாயும் போதும். இந்த டிசம்பரில் உண்டியல் நீட்டப்பட்டால், சில்லறை தேடாமல் நோட்டாகவே போடுங்கள்.