பொட்டலத்தினுள் வரும் படங்கள்

பண்டத்துக்காக அன்றி, அதனோடு வரும் இலவசத்துக்காகவே வாங்கப்படும் பொருள்கள் சில உண்டு. கால்பந்து ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளைத் தாங்கி வரும் மிட்டாயும் பபிள்கம்மும் வறுவல் பொட்டலமும் அவ்வகையைச் சேர்ந்தவை. அட்டை சட்டைப்பையினுள் போகும். தின்பண்டம் சில வேளைகளில் தெருவோரத்தில் கிடக்கும். காசு கொடுத்தது எதற்கு என்பது அப்போது விளங்கிவிடும்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. இறைச்சிச் சாறு விற்ற லீபிக் நிறுவனம் 1870களிலேயே ஐரோப்பாவில் வண்ணப் பட அட்டைகளை வழங்கியது. சிகரெட் உறை மடங்கி நசுங்காதிருக்க உள்ளே செருகிய வெற்று அட்டையிலும் படம் அச்சிடலாம் என்று புகையிலை வணிகர் கண்டுகொண்டனர். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1940இல் இங்கிலாந்தில் அது நின்றது. பிறகு தேயிலையும் மிட்டாயும் பபிள்கம்மும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இத்தாலியின் மொதேனா நகரில் 1961இல் தொழில் தொடங்கிய பானினி சகோதரர்களோ தின்பண்டத்தையே நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் உறையிலிட்டு விற்றனர்! 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அவர்கள் வெளியிட்ட படத்தொகுப்பு பெரும் புகழ் பெற்றது.

நம் நாட்டில் கால்பந்து அட்டை அத்துணைப் பரவவில்லை. தில்லைநகர்ச் சிறுவனுக்கும் ஸ்ரீரங்கத்துச் சிறுவனுக்கும் முதலில் வாய்த்தது தீப்பெட்டிப் படமே. 1922இல் சிவகாசியிலிருந்து இருவர் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், மயிலும் புலியும் தாமரையுமாக எண்ணற்ற படங்களைச் சிறுவர் கைகளில் சேர்த்தது. பின்னர், இந்தியாவில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் நடைபெற்ற 1987ஐ ஒட்டி, பிக் ஃபன் என்னும் பபிள்கம் கிரிக்கெட் வீரர் அட்டைகளோடு வந்தது. அட்டையில் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கூட்டிச் சேர்ப்பதே ஒரு விளையாட்டு. சேப்பாக்கத்தில் 1987 அக்டோபர் 9ஆம் நாள் இந்தியா ஒரே ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அந்த ஓர் ஓட்டத்தைப் பபிள்கம் உறைக்குள் தேடிய சிறுவர்களும் இருந்திருப்பார்கள்!

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு தொகுதியில் 20 அட்டைகள், பொட்டலத்துக்கு ஒன்று, எல்லா அட்டைகளும் சம எண்ணிக்கையில் அச்சானவை என்று கொள்வோம். முதற் பொட்டலத்தில் வருவது புதியதாகவே இருக்கும். பத்து அட்டைகள் கைக்கு வந்தபின், அடுத்தது புதியதாக இருக்கும் வாய்ப்புப் பாதிதான். ஆகவே அந்தப் புதிய அட்டைக்குச் சராசரியாக இரண்டு பொட்டலங்கள் வேண்டும். பத்தொன்பது சேர்ந்து ஒன்று மட்டும் எஞ்சும்போதோ, அந்த ஒன்றுக்காகச் சராசரியாக இருபது பொட்டலங்கள்! எல்லாவற்றையும் கூட்டினால் 72 வரும். அதில் முதற் பத்து அட்டைகளுக்கு ஆவது ஏறக்குறைய 13 பொட்டலங்களே. மற்றப் பத்துக்கு 59. பொட்டலம் ஐந்து ரூபாயாயின் மொத்தம் 360 ரூபாய். கடைசி அட்டைக்கு மட்டும் 100 ரூபாய். இது சராசரி என்பதை மறவாதீர்கள். நல்லூழ் உடையவன் முன்னரே முடிப்பான், மற்றவன் நூறு தாண்டியும் தேடுவான். 2014ஆம் ஆண்டு பானினித் தொகுப்பில் 640 படங்கள் இருந்தன. தனியொருவன் பரிமாற்றமின்றி அதை நிரப்பச் சராசரியாக 4,500 படங்கள் வாங்க வேண்டும்.

சம எண்ணிக்கை என்றோம். விற்பவர் ஓர் அட்டையை மட்டும் நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்து அச்சிட்டால், அந்த ஒன்றே சராசரியாக நூறு பொட்டலங்களைக் கேட்கும். குறைவுக்கு வேறு காரணமும் இருக்கக்கூடும். அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு வந்த பேஸ்பால் அட்டைகளுள் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை மிக அரியது. சிறுவர் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு சாராரும், உரிய பணம் கேட்டார் என்று வேறு சாராரும் கூறுவர். எதுவாயினும் அச்சிடுதல் இடையில் நின்றது. அத்தகைய ஓர் அட்டை 2022இல் 72½ லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஆனால் உங்கள் மேசை அறையில் கிடக்கும் அட்டைக்கும் அத்தகைய காலம் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். பல்லாயிரக்கணக்கில் அச்சாகி, எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருளுக்கு அருமை ஏற்படுவது கடினம்.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தின் பார்வையும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022இல் வெளியான விளம்பர நெறிமுறைகள், தேவையில்லாத பொருளை வாங்கும்படி இலவசப் பரிசு காட்டிக் குழந்தைகளைத் தூண்டும் விளம்பரத்தை ஏற்பதில்லை.

ஆயினும் கணக்கு முழுவதும் வணிகர் பக்கமே சாய்ந்திருக்கவில்லை. ஒரே தொகுதியை இருவர் சேர்ப்பதானால் 72ஐ இரட்டித்து 144 பொட்டலங்கள் வாங்க வேண்டுமென்று தோன்றும். தன்னிடம் மிகுந்ததைத் தோழனிடம் இல்லாததற்கு மாற்றிக்கொண்டால் அவ்வளவு வேண்டியதில்லை. 1960இல் நியூமன், ஷெப் என்னும் இரு கணித அறிஞர் இதை ஆராய்ந்து, முதற் தொகுதிக்கே செலவு மிகுதி, அதன்பின் கூடும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு என்று காட்டினர். வகுப்பில் பத்து மாணவர் சேர்ந்து, எவரிடம் எது மிகுதி, எவரிடம் எது இல்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால், கடைசி அட்டைக்கான அந்த நூறு ரூபாயில் பெரும்பகுதி மிச்சமாகும். அதைச் செய்து பார்க்க விரும்புவோர் முதலில் ஒரு பகடையை உருட்டி, ஆறு எண்களும் விழ எத்தனை முறை உருட்ட வேண்டியிருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். சராசரி 14.7 வரவேண்டும்.