வாய் பேசா நோயாளி

மனிதனை முதன்முதலில் அண்டி வாழத் தலைப்பட்ட விலங்கு நாயே என்பர் ஆராய்ச்சியாளர். ஆவும் ஆடும் நம் தொழுவத்தை அடைவதற்கு நெடுங்காலம் முன்னரே அது நம் வாயிலிற் காவல் கிடந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் நாட்டப்பட்ட கல் அது. வீரன் ஒருவனுடைய உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலையும் அக்கல்லெழுத்துக் கூறுகின்றது. அரசர் பலருடைய பெயர்கள் மறைந்தொழிந்த இவ்வுலகில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றது.

அத்தகைய நன்றியுள்ள உயிரின் குட்டியொன்றை நம்முள் பலர் ஆசையோடு எடுத்து வளர்க்கின்றோம். சில நாள்களில் அது சோர்ந்து படுக்கின்றது. உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றது. வீட்டுச் சிறுவன் மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும் என்கின்றான். நாட்கூலி பெற்று வரும் தந்தையோ அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் கணக்குப் பார்க்கின்றார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு தும்மலுக்கும் மருத்துவரை நாடிச் செலவிட ஏழைக் குடும்பத்தால் இயலாது. பணம் வரட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடுதலும் கூடும். ஆதலின், எந்த நோய் ஒரு நாள் பொறுக்கும், எந்த நோய் ஒரு நாழிகையும் பொறுக்காது என்று பகுத்தறிதல் நாய் வளர்ப்போர் அனைவரும் கற்கவேண்டிய கல்வியாகும்.

திருக்குறளில் 'மருந்து' என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதன் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பு உடையதாக வகுக்கின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்பன அவை. நோயாளி பேச வல்லவனாயின் தன் துன்பத்தைத் தானே உரைப்பான். நாய்க்குட்டியோ வாய் பேசா நோயாளி. அதற்கு நாவாக நிற்பவன் உடனிருந்து பேணுவோனே. அவனுடைய கண்ணும் காதும் கூர்மையாக இருந்தால் பாதி நோய் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

நோயை அறிவதற்கு முன் நலத்தை அறிதல் வேண்டும். குட்டி நன்றாக இருக்கும் நாளிலேயே அதன் மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். பெரும்பாலும் அது இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் சற்றே அழுத்தி எடுத்தால் அவ்விடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் பெறும். கழுத்தின் பின்புறத் தோலைத் தூக்கி விட்டால் உடனே அது பழைய நிலையில் அமையும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 பாரன்ஹீட் பாகை வரை ஆகும். நம்முடைய வெப்பத்தினும் இது மிகுதியாதலால், கை வைத்துப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்தல் தவறு. மூக்கு உலர்ந்திருப்பதும் தன்னளவில் நோய்க்குறி அன்று.

குட்டிக்கும் வளர்ந்த நாய்க்கும் உள்ள வேறுபாட்டையும் உணர்தல் வேண்டும். வளர்ந்த நாய் ஒரு நாள் உண்ணாதிருந்தாலும் பெரிதும் தளராது. குட்டியின் உடலில் நீரும் ஆற்றலும் சிறிதளவே சேமிப்பில் உள்ளன. நான்கைந்து முறை கழிச்சல் கண்டாலே நீர் வற்றிவிடும். பல மணி நேரம் உணவின்றி இருந்தால் குருதியிலுள்ள சருக்கரை குறைந்து மயக்கமும் நடுக்கமும் தோன்றும். தாய்ப்பால் வழியாகப் பெற்ற நோய்த் தடுப்பாற்றலும் பிறந்த சில வாரங்களில் தேயத் தொடங்குகின்றது. ஆகவே குட்டி இளையதாக இருக்குந்தோறும் நாம் காத்திருக்கும் நேரமும் குறுகுதல் வேண்டும்.

இனி, வீட்டிலேயே வைத்துப் பார்க்கத்தக்க நிலை யாது என்று காண்போம். குட்டி ஒரு முறை வாந்தி எடுத்தது, அல்லது ஓரிரு முறை இளகிய மலம் கழித்தது. ஆயினும் வாலை ஆட்டி விளையாடுகின்றது, நீர் பருகுகின்றது, ஈறு சிவந்து ஈரமாக உள்ளது. மலத்தில் குருதி இல்லை. இந்நிலையில் அஞ்சவேண்டுவதில்லை. தூய நீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை வைக்கலாம். குழைய வடித்த சோற்றுடன், எலும்பும் தோலும் நீக்கி, உப்பும் காரமும் சேராது வேகவைத்த கோழியிறைச்சியைச் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை மிகுவிக்கும், அதனை நிறுத்துக. நான்கு மாதம் கடந்த குட்டியாயின் ஒரு நாளும், அதனினும் இளையதாயின் அரை நாளும் இவ்வாறு பார்க்கலாம். அதற்குள் குணம் தோன்றாவிடின் மருத்துவரை அடைதல் வேண்டும். எந்த மணிக்குக் காத்திருக்கத் தொடங்கினோம், எந்த மணியில் முடிப்போம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தல் நன்று. எல்லையில்லாத காத்திருப்பு 'நாளைக்குப் பார்ப்போம்' என்றே நீண்டுபோகும்.

சிறிதும் தாமதியாது மருத்துவரிடம் செல்லவேண்டிய குறிகள் வேறு. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தல், பருகிய நீரையும் கக்குதல், மலத்திலோ வாந்தியிலோ குருதி காணுதல், ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருத்தல், தூக்கிய தோல் மெல்ல இறங்குதல், மூச்சுவிட இடர்ப்படுதல், வலிப்பு, எழ மாட்டாத சோர்வு, வயிறு திடீரென உப்புதல், சிறுநீர் கழிக்க முயன்றும் இயலாமை என்பன அவை. உடல் வெப்பம் 104 பாகையை எட்டுதலும், 99 பாகைக்குக் கீழ் இறங்குதலும் இவ்வகையினவே. வண்டியில் அடிபட்ட குட்டி வெளிப்பார்வைக்கு நன்றாகத் தோன்றினும், உள்ளே குருதி கசிதல் கூடும். இக்குறிகளில் ஒன்று தோன்றினாலும் பணக்கணக்கை வழியிற் பார்த்துக்கொள்ளலாம். முதலிற் புறப்படுதல் வேண்டும்.

இக்குறிகளை இத்துணை வற்புறுத்துவதற்குப் பார்வோ என்னும் தொற்றுநோய் தக்க சான்றாகும். 1978-ஆம் ஆண்டளவில் உலகின் பல பகுதிகளிலும் பரவிய இந்நோய், ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளையே மிகுதியும் தாக்குகின்றது. இதன் நச்சுயிரி குடலின் உட்புறத்தைச் சிதைக்கின்றது. குருதியில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் குறைக்கின்றது. முதல் நாள் குட்டி உணவை வெறுக்கும். அடுத்து வாந்தியும், துர்நாற்றமுள்ள குருதிக் கழிச்சலும் தொடரும். நச்சுயிரியை நேரே கொல்லும் எளிய மருந்து இல்லை. இழந்த நீரை ஊசி வழியாக ஏற்றி, வாந்தியை அடக்கி, பிற கிருமிகள் புகாமற் காத்தால் பல குட்டிகள் பிழைக்கின்றன. கவனியாது விட்டால் பெரும்பாலானவை இறக்கின்றன. தொடக்கத்திலேயே கொண்டு சென்றால் செலவும் குறையும். பிழைக்கும் வாய்ப்பும் கூடும். இரண்டு நாள் கடைமருந்து வாங்கிக் கொடுத்து மூன்றாம் நாள் ஓடுவோர் அம்மருந்துக்கும் பொருள் இழப்பர். பின்னர் நாலைந்து நாள் நீரேற்றுதற்கும் பொருள் செலவிடுவர்.

இதனைத் தடுக்கும் ஊசியோ எளிதிற் கிடைக்கின்றது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி இட்டு, மூன்று நான்கு வாரத்திற்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை தொடர்தல் வேண்டும். ஊசிகள் முடியும் வரை பிற நாய்கள் மலம் கழிக்கும் தெருவிலும் திடலிலும் குட்டியை விடலாகாது. பார்வோ நச்சுயிரி மண்ணிற் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். நோயுற்ற குட்டி கிடந்த தரையைப் பிளீச்சிங் தூள் கரைத்த நீரால் கழுவுதல் வேண்டும்.

வயிற்றுப் புழுவும் குட்டிகளை வாட்டும். உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோற் பருத்திருந்தால் புழு இருக்கலாம் என்று ஐயுறுக. உருண்டைப் புழுக்கள் தாயிடமிருந்தே குட்டியை அடைதலால், இரண்டு வார வயது முதலே மருத்துவர் கூறும் முறைப்படி புழுநீக்க மருந்து கொடுப்பர். இம்மருந்து விலை மலிந்தது. இப்புழுவின் முட்டை குழந்தைகள் வயிற்றிற் புகுந்தால் அவர்களுக்கும் நோய் விளையும். ஆதலின் குட்டியைத் தொட்டபின் கை கழுவாது உண்ணலாகாது.

பொருளை மிச்சப்படுத்தக் கருதி வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொடுப்பது பெருந்தீங்கு. நாம் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாராசிட்டமால் குட்டியின் ஈரலையும் குருதியையும் கெடுக்கும். இபுபுரூபன் வயிற்றிற் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் சிதைக்கும். வெங்காயம், உலர்ந்த திராட்சை, சாக்கலேட்டு ஆகியனவும் நாய்க்கு நஞ்சே. எலி மருந்து போன்றவற்றைத் தின்றுவிட்டால், உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்ய முயலாது, அம்மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைக.

பணத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாத நோய் ஒன்று உண்டு. அது வெறிநோய். குட்டியின் குரல் மாறுதல், கீழ்த்தாடை தொங்குதல், எச்சில் ஓயாது வடிதல், விழுங்க இயலாமை, காரணமின்றிக் கடித்தல் ஆகிய குறிகள் காணப்பட்டால், தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று வாயினுள் கைவிட்டுப் பார்த்தல் கூடாது. அதனை அணுகாது, பெரியோருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்தல் வேண்டும். எந்த நாயோ குட்டியோ கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பெறுக. 1885-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இட்டுக் காத்த ஊசியின் வழிவந்தது இது. நோய்க்குறி தோன்றியபின் இந்நோயினின்று மீள்வோர் அரியர். குறி தோன்றுமுன் ஊசி பெற்றோர் பிழைக்கின்றனர். திட்டுவரோ என்று அஞ்சிக் கடியை மறைத்தல் உயிரையே பணயம் வைப்பதாகும்.

இனி, சிறு தொகையைச் செவ்வையாகச் செலவிடும் வழியைக் கூறுவோம். நம் மாநிலத்தில் பல ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகங்கள் உள்ளன. சென்னையில், 1903-இல் தொடங்கப்பெற்று இன்று வேப்பேரியில் விளங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் நோயுற்ற விலங்குகளைப் பார்க்கின்றனர். இத்தகைய இடங்களில் செலவு குறைவு. காலையிலேயே செல்க. குட்டியின் வயது, இட்ட ஊசிகள், எப்பொழுது உண்டது, எத்தனை முறை வாந்தியும் கழிச்சலும் கண்டது என்பனவற்றை எழுதிக் கொண்டு செல்க. மலத்திற் சிறிது ஒரு மூடிய குப்பியில் எடுத்துச் சென்றால் புழுவை அன்றே கண்டறியலாம். கையிலுள்ள தொகையை மருத்துவரிடம் ஒளிக்காது கூறி, "ஐயா, இதற்குள் முதலிற் செய்ய வேண்டியது எது?" என்று கேளுங்கள். இதில் நாணத்திற்கு இடமில்லை. இன்றியமையாத மருந்து இது, பின்னர்ப் பார்க்கத்தக்க சோதனை இது என்று அவர் பிரித்துக் காட்டுவார்.

குட்டி வீட்டிற்கு வந்த நாள் முதலாக ஓர் உண்டியலில் நாள்தோறும் சிறு காசு இட்டு வைப்பதும் நன்று. முதல் ஊசிக்கும் புழு மருந்துக்கும் அது உதவும். இடரான இரவில் வண்டிக் கூலிக்கும் உதவும். உண்டியலுக்கு இடும் காசும் இல்லையென்றால் குட்டியை எடுக்குமுன்னரே ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

எல்லா முயற்சியும் செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. இனி மருந்து பயன்படாது என்று மருத்துவர் கூறுவாராயின், துன்பத்தை நீட்டாது முடிக்கும் வழியையும் அவரே உரைப்பார். அதனைக் கேட்டு, இறுதி வரை குட்டியை வெதுவெதுப்பான துணியிற் கிடத்தி, அருகிருத்தல் நம் கடமை. செலவிட்ட பணத்தின் அளவைக் கொண்டு அன்பை அளத்தல் ஆகாது. விழிப்போடு பார்த்ததும், உரிய நேரத்திற் புறப்பட்டதும், உள்ளதை ஒளியாது உரைத்ததும் ஏழைக்கும் இயன்ற செயல்களே. வாய் பேசா நோயாளிக்கு வேண்டுவனவும் இவையே.