துணி காயவைக்கும் இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடானால்...



மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்தில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டால் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு புகைநாற்றம் அடிக்கும். இந்தத் தொல்லைக்காகத்தான் வெளிநாடு போய் வந்தவர்கள் சிலர் துணி காயவைக்கும் இயந்திரம், அதாவது 'டிரையர்', வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நம்ம பிள்ளைகள் பலர் கண்டி ஹோட்டல்களிலும் குவைத், சவூதி வீடுகளிலும் இதே இயந்திரத்தோடுதான் வேலை செய்கிறார்கள். ஆகவே லயத்தில் இது இல்லாதவர்களும் இதை வாசித்து வைப்பது நல்லது.

இது ஒன்றும் நமக்குப் புரியாத இயந்திரம் இல்லை. ஸ்டோரில் தேயிலை காய்கிறதே, அதே கதைதான். அங்கே சுமார் 90 பாகை செல்சியஸ் சூட்டில் காற்று உள்ளே போகிறது. கொழுந்தின் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு 50, 55 பாகையில் வெளியே வருகிறது. காற்று ஓட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்று டிரையரில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தூள் கருகும். வீட்டு டிரையரிலும் கம்பிச்சுருள் காற்றைச் சூடாக்குகிறது, காற்றாடி அதைத் துணிக்குள் இழுக்கிறது, ஈரக்காற்று வெளியே போக வேண்டும். போக வழி இல்லாவிட்டால் சூடு உள்ளேயே தேங்கும். கோளாறு பத்தில் பெரும்பங்கு இந்தக் காற்றுப் பாதையில்தான்.

அறிகுறிகள் எவை? துணி கையில் பிடிக்க முடியாத சூட்டில் வரும். கருகிய வாசனை அடிக்கும். பாதியில் தானாக நிற்கும். ஒரு தடவையில் காய்ந்த துணிக்கு இரண்டு தடவை தேவைப்படும். கடைசியாகச் சொன்னதை ஆட்கள் கவனிக்கிறதே இல்லை. 'மெஷின் பழசாயிடுச்சு' என்று இன்னொரு தடவை ஓட்டுவார்கள். ஆபத்து தொடங்குவதே அங்கேதான்.

முதலில் பிளக்கைக் கழற்றி, இயந்திரம் ஆறும்வரை விடுங்கள். கதவருகில் ஒரு வலைத்தட்டு இருக்கும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் படியும். ஒவ்வொரு தடவையும் அதை வழித்தெடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருதரம் என்பது போதாது. பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் வலைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் நின்றால், துணி மிருதுவாக்கப் போடும் திரவம் பசைபோலப் படிந்து அடைத்திருக்கிறது. சவர்க்காரம் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

அடுத்தது பின்பக்கத்துக் குழாய். சுவரோடு தள்ளி வைத்து அது நசுங்கியிருக்கும், அல்லது உள்ளே பஞ்சு அடைத்திருக்கும். காம்பராவில் இடம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் பின்னால் இடைவெளி விட்டு, குழாயைக் குட்டையாக, வளைவில்லாமல் வெளியே விட வேண்டும். கூரைக்குள் விடவே கூடாது. இயந்திரத்தை ஓடவிட்டு வெளிவாயில் கையை வைத்துப் பாருங்கள். காற்று மெதுவாக வந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது. காற்று பலமாக வந்தும் சூடு தாங்கவில்லை என்றால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கலாம். அது நம் வேலை இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தெரிந்த தொழில்காரரைக் கூப்பிடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். சூடு எல்லை மீறினால் எரிந்து, இயந்திரத்தை நிறுத்துவதற்கென்றே உள்ளே ஒரு சிறு பியூஸ் இருக்கிறது. அதற்குப் பதிலாக வயர்த்துண்டை முறுக்கிக் கொடுத்து 'இப்ப ஓடுது பாருங்க' என்று காசு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அப்படி ஓடுகிற இயந்திரத்தைவிட நிற்கிற இயந்திரம் எவ்வளவோ மேல்.

கறண்ட் விஷயத்துக்கு வருவோம். டிரையர் 2000 முதல் 2700 வாட் வரை இழுக்கும். நம் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 முதல் 12 அம்பியர். லயத்தில் லைட்டுக்கும் ரேடியோவுக்கும் இழுத்த வயரில், 5 அம்பியர் பிளக்கில் இதைக் கொடுத்தால் சுவருக்குள் வயர் உருகும். பலபிளக் கட்டையிலும் கொடுக்கக் கூடாது. 13 அம்பியர் பிளக், தனி வயர், வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச், இவை மூன்றும் இல்லாத வீட்டில் இயந்திரத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். பத்துக் காம்பராவுக்கு ஒரே கூரை. ஒரு வீட்டில் பிடித்தது ஒரு வீட்டோடு நிற்காது.

எண்ணெய்த் துணியும் போடாதீர்கள். தேங்காயெண்ணெய் ஊறிய தலையணை உறை, சமையல் கைத்துணி, ஸ்டோரில் மெஷின் துடைத்த துணி ஆகியவை துவைத்த பிறகும் எண்ணெய் விடாது. சூட்டோடு குவித்து வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். கடைசிப் பத்து நிமிடம் இயந்திரம் சூடில்லாமல் சுற்றுவது துணியை ஆறவைக்கத்தான். அவசரப்பட்டு நடுவில் நிறுத்தினால் துணியை உடனே எடுத்து உதறிப் பரப்புங்கள்.

வெளிநாட்டுப் பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு இது: 2016 ஆகஸ்ட் மாதம் லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் என்ற இடத்தில் 18 மாடிக் கட்டிடம் ஒன்று தீப்பிடித்தது. காரணம் இன்டெசிட் டிரையர் ஒன்று. 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டெம்பர் வரை செய்த ஹொட்பொயின்ட், இன்டெசிட், க்ரெடா முதலிய சில டிரையர்களில் பஞ்சு சூடான கம்பிச்சுருளில் விழுந்து பற்றும் குறை இருந்தது. கவனித்துக்கொண்டே ஓட்டலாம் என்று முதலில் சொன்ன வேர்ல்பூல் கம்பனி 2017ல் பிளக்கைக் கழற்றச் சொன்னது. 2019ல் சரிசெய்யப்படாதவற்றைத் திரும்பப் பெற்றது. அந்த வருடத்து இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

இயந்திரத்துக்குள் தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ பெரிதாகும். தண்ணீரும் ஊற்றாதீர்கள். எட்ட முடிந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே கூட்டி வந்து, பக்கத்துக் காம்பராக் கதவுகளைத் தட்டுங்கள். இரவில் எல்லாரும் படுத்தபின் இதை ஓடவிட்டுத் தூங்கும் பழக்கம் ஹோட்டல் வேலை செய்த பிள்ளைகளிடம் உண்டு. அவர்களிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.