ஆடுகளத்திற் கண்ட எண்வகை மெய்ப்பாடு

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பின்வழி வெளிப்பட்டுத் தோன்றுவதை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலே வகுத்தார். அவ்வியலைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எடுத்துக்காட்டுக்குச் சங்கச் செய்யுட்களை நாடுவது வழக்கம். கண்டிமாநகரில் வாழும் எமக்கோ, ஏட்டைப் புரட்டாமலே எட்டு மெய்ப்பாட்டையும் ஒரே மாலைப்பொழுதிற் கண்டு தெளிய ஓரிடம் உண்டு. திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிறட்பி கேடயத்தை முன்னிட்டு றக்பி உதைபந்தாட்டம் ஆடும் மைதானமே அவ்விடம்.

"பண்டிதருக்குப் பந்தாட்டத்தில் என்ன அலுவல்?" என்று நண்பர் சிலர் நகைப்பதுண்டு. ஆடுவோரைக் காண்பதினும் ஆட்டங் காண்போரைக் காண்பதில் எமக்கு ஈடுபாடு மிகுதி. பந்தைத் தொடாதவன், ஓரடியும் ஓடாதவன், பள்ளியை விட்டு முப்பது ஆண்டு கழிந்தவன், தன் கல்லூரி தோற்றால் ஏன் கண்கலங்குகிறான்? வென்ற கல்லூரியின் பெயரைக் கேட்டாலே ஏன் முகஞ் சுளிக்கிறான்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போட்டி பிறந்த வரலாறு

இலங்கைப் பள்ளிகளுக்கிடையே றக்பி ஆட்டம் முதன்முதல் நிகழ்ந்தது கண்டியிலேயாம். 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் போகம்பறை மைதானத்தில் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் எதிர்நின்றன. ஆறுக்கு ஆறு என்ற புள்ளிக் கணக்கில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கிங்ஸ்வூட்டை 1891இல் நிறுவிய பிளேஸ் என்னும் பெரியார் திரித்துவக் கல்லூரியிற் பயின்றவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தாய்வீட்டை எதிர்த்தே முதலாட்டம் ஆடப்பட்டது. ஆகவே, இம்மண்ணிற் பள்ளிப் போட்டி பகைவரிடைப் பிறந்ததன்று, உறவினரிடைப் பிறந்தது.

றோயல் கல்லூரியுடன் திரித்துவக் கல்லூரி பொருதத் தொடங்கியது 1920இல். றோயலின் அதிபராயிருந்த பிறட்பி அவர்கள் 1945இல் பதவி நீங்குங்கால் ஒரு கேடயத்தை இப்போட்டிக்கென வழங்கினார். அன்றுமுதல் ஓராட்டம் கொழும்பிலும் மற்றொன்று கண்டியிலுமாக ஆண்டுக்கு இரண்டாட்டம் ஆடி, இரண்டின் புள்ளிகளையுங் கூட்டி வெற்றி துணிவதே முறையாயிற்று. கண்டியாட்டம் நெடுங்காலம் போகம்பறையில் நிகழ்ந்தது. அண்மைக் காலத்தில் மகாவலிக்கு அப்பாலுள்ள பல்லேகலைக்குப் பெயர்ந்துள்ளது.

இம்முறையின் நுட்பம் உணரற்பாலது. முதலாட்டத்தில் வென்றவன் முற்றும் வென்றவனல்லன். தோற்றவனும் முற்றுந் தோற்றவனல்லன். கொழும்பில் தோற்றுக் கடுகண்ணாவைக் கணவாய் ஏறி இரவில் ஊர் திரும்பும் கண்டி இளைஞர் மனத்தில் துயரத்தோடு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை புள்ளி குறைவு, அடுத்த ஆட்டத்தில் எத்தனை வேண்டும் என்று அவர்கள் விரல் மடக்குவர். இரண்டாட்டங்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் நகரின் தேநீர்க்கடைகளிற் பேச்சு வேறில்லை.

எட்டும் ஒருங்கே

ஆட்டம் தொடங்குமுன் எதிரணியை எள்ளிப் பாடும் மாணவரிடத்தில் நகை தோன்றுகிறது. எள்ளலை நகைக்குரிய நிலைக்களங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தாரன்றோ? பதினைந்து பேரும் வரிசையாகக் களம் புகுங்கால் பெருமிதம். சிற்றுருவினனான ஒருவன் பேருருவினனான ஒருவனைக் கால்தழுவி வீழ்த்துங்கால் மருட்கை; பெருமை மட்டுமன்றிச் சிறுமையும் வியப்புக்குக் காரணமாம் என்ற ஆசிரியர் கூற்றின் உண்மை அப்போது விளங்கும். மத்தியஸ்தர் ஊதுகுழலை வாயில் வைத்தவுடன், தீர்ப்பு யார்பக்கமோ என்று அச்சம். வலியுற்ற வீரன் தோழர் தோள்பற்றி வெளியேறுங்கால் இளிவரல். எல்லைக் கோட்டிற்கப்பால் பந்தை ஊன்றியதும் உவகை. இறுதி ஊதல் ஒலித்ததும் ஒரு பக்கத்தில் அழுகை. எஞ்சியது வெகுளி ஒன்றே. அதுபற்றித் தனியே கூறவேண்டும்.

முதற்கண் அழுகையை நோக்குவாம். ஆடியவன் தன் துயரை வியர்வையோடு பாதி கழித்துவிடுகிறான். கண்டிருந்தவனுக்கு அவ்வழி இல்லை. கையுங் காலும் கட்டுண்டவன்போல் வேலிக்கு வெளியே நின்றவனுடைய துயரம் முழுவதும் நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது. மேலும், பழைய மாணவன் காண்பது இன்றைய பதினைந்து பேரை மட்டுமன்று. தன்னுடைய பதினெட்டாம் வயது அந்தச் சட்டையணிந்து ஓடுவதாகவே அவன் காண்கிறான். எனவே தோல்வி அவனுக்கு உண்மையான இழவே. இழவை அழுகையின் நிலைக்களங்களுள் ஒன்றாகக் கூறிய இலக்கணம் அவனுக்கு அழும் உரிமையை அளிக்கின்றது. அவனைப் பார்த்து, "வெறும் விளையாட்டுத்தானே" என்பார் விளையாட்டையும் அறியார்; மனத்தையும் அறியார்.

விளையாட்டு எதன்பாற்படும்?

இனி வெகுளி. உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் ஆகிய கொடுமைகளே அதற்கு நிலைக்களமாக ஓதப்பட்டன. விளையாட்டையோ ஆசிரியர் உவகையின் நிலைக்களங்களுள் வைத்தார். இவ்வைப்புமுறை எம் சிந்தையை நெடிது ஈர்த்தது. விளையாட்டில் அழலாம், அஞ்சலாம், வியக்கலாம்; ஆயினும் அதன் இருப்பிடம் உவகையே. அதனை வெகுளிக்கு மாற்றுவோன் பிறனொருவனுக்குத் தீங்கு செய்யாமல் அமையமாட்டான்.

கல்கத்தா இதற்குச் சான்று. இங்கு றோயலும் திரித்துவமும் பொருதத் தொடங்கிய அதே 1920இல் அங்கு ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றியது. மோகன் பகானுக்கும் அதற்குமுள்ள உதைபந்தாட்டப் போட்டி பெயர்பெற்றது. 1975இல் மோகன் பகான் ஐந்து கோல்களால் தோற்றபோது அதன் இரசிகர் ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் தோட்ட மைதானத்தில் இரு சாராரும் மோதியதால் விளைந்த நெரிசலிற் பதினாறு பேர் மாண்டனர். அன்பு மிகுந்து தொடங்கிய ஒன்று கொலையில் வந்து முடிந்தது.

எம் நாட்டவர்க்கு வெகுளியின் விலை ஏட்டுச் செய்தியன்று. 1977இலும் 1983இலும் குடிகெட்ட மக்களை இம்மலைநகரும் கண்டது. மொழியால் மனிதரைப் பிரித்த வெகுளி அது. பிறட்பி மைதானத்திலோ பிரிவு வேறுவகையானது. தமிழ்மொழியிற் பயில்வோரும் சிங்களத்திற் பயில்வோரும் இரு கல்லூரிகளிலும் உளர். பக்கத்தில் நின்று தோளைப் பற்றி ஆர்ப்பரிப்பவன் எம்மொழியினன் என்று அவ்வேளையில் எவரும் வினவுவதில்லை. திரித்துவக் கல்லூரியிற் பயின்ற கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்கார 2011இல் இலண்டனில் ஆற்றிய உரையில், 1983இல் தம் பெற்றோர் தமிழ் நண்பர்களுக்குக் கண்டியிலுள்ள இல்லத்திற் புகலளித்ததை நினைவுகூர்ந்தார். ஒரே கொடியின்கீழ் ஆர்ப்பரித்த பழக்கம் மட்டுமே இத்தகைய பண்பைத் தருமென யாம் கூறோம். அப்பண்பு வளர்தற்கு ஏற்ற நிலங்களுள் அதுவும் ஒன்று என்போம்.

தோற்றவனை நோக்கும் கண்

எதிரணியை எங்ஙனம் நோக்குவது? சோழர் குடிப்பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருத ஞான்று கோவூர்கிழார் இடைநின்று, இருவர் சூடியதும் ஆத்திமாலையே. ஒருவர் தோற்பினும் தோற்பது நும் குடியே என்று அறிவுறுத்தினார். வெண்ணிப் போரிற் கரிகாலன் வென்றபோது, வெண்ணிக்குயத்தியார் என்னும் புலவர் அவ்வெற்றி வேந்தன் முன்னிலையிலேயே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் அவனினும் நல்லன் என்று பாடினார். வென்றவன் பக்கம் நின்று தோற்றவனைப் போற்றும் நெஞ்சுரம் அது. அதனைக் கேட்டுப் பொறுத்த கரிகாலனும் பெரியன்.

றோயல் அதிபர் ஒருவர் அளித்த கேடயத்தைத் திரித்துவ மாணவர் வென்று மலைக்குக் கொண்டுவரும் ஆண்டுகள் உண்டு. எதிரியும் எடுத்துச்செல்லுதற்கென்றே கொடுக்கப்பட்ட பரிசு அது. அதனைக் கொடுத்தவர் நெஞ்சிற் பகை இருந்திருக்க முடியாது. எதிரணி இல்லையேல் ஆட்டமில்லை. ஆட்டமில்லையேல் நம் கல்லூரிப் பற்றும் சுவரில் தொங்கும் படமாகவே ஒழியும். நம்மை நாம் அறியத் துணைசெய்பவனே எதிர்நிற்பவன்.

ஆதலின், மாணவர்காள், உங்கள் கல்லூரிக்காகத் தொண்டை வறள ஆர்ப்பரியுங்கள்; தோற்றால் வெட்கமின்றி அழுங்கள். கண்ணீரைத் துடைத்தபின் எதிர்வரிசையில் நிற்பவன் கையைப் பற்றுங்கள். அழுகைக்கும் உவகைக்கும் ஆடுகளத்தில் இடமுண்டு. வெகுளிக்கு மட்டும் வாயிலைத் திறவாதீர்கள்.