சின்னக் காருக்குள் பெரிய சீற்

கனடாவுக்கு வந்த எங்கள் குடும்பங்களில் அனேகமானவை முதலில் வாங்கும் வாகனம் ஒரு சின்னக் கார்தான். பழைய கொறொலா, சிவிக், யாரிஸ் என்று ஏதாவது ஒன்று. பெற்றோல் குறைவாகக் குடிக்கும். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். விடியப்புறம் பஸ் ஓடாத நேரத்திலும் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் விடும். அந்தக் காரை வாங்கும்போது நாங்கள் வேலையைத்தான் நினைக்கிறோம்.

பிறகு பிள்ளை பிறக்கிறது. கடையில் அடுக்கி வைத்திருக்கும் கார் சீற்றைப் பார்த்தால் எங்கள் காரின் பின்பக்கத்தில் பாதியை அதுவே பிடித்துவிடும் போல இருக்கிறது. கொண்டுவந்து பொருத்தினால் முன்னால் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்ட்டில் இடிக்கிறது. இந்த இடத்தில்தான் சிலர் பிழையான வழிக்குப் போகிறார்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆனவுடன் சீற்றை முன்பக்கம் பார்க்கத் திருப்பி விடுகிறார்கள். அல்லது யாரோ கொடுத்த பழைய சின்ன சீற்றைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அல்லது கிட்டத்தானே போகிறோம் என்று மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

கார் சின்னது என்பதற்காகப் பிள்ளையின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டியதில்லை. சின்னக் காருக்கு ஏற்ற சீற்றைத் தேடி எடுத்தால் போதும். அதை எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மடி போதாதா?

ஊரில் நாங்கள் மினிபஸ்ஸில் அம்மாவின் மடியில் இருந்துதான் போனோம். சைக்கிள் பாரில் அப்பாவின் கைக்குள் இருந்துதான் பள்ளிக்கூடம் போனோம். ஆகவே மடியை விடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று அம்மம்மாமார் சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதிச் சடுதியாக நின்றால், 9 கிலோ எடையுள்ள பிள்ளை முன்னால் பாயும் விசை 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்துக்குச் சமன். தமிழ்க் கடையில் வாங்கும் 40 இறாத்தல் அரிசிப் பைகள் எட்டை ஒரே நேரத்தில் கையில் ஏந்திப் பிடிப்பது போன்றது அது. எந்தத் தாயாலும் முடியாது. அன்பு குறைந்து அல்ல, கைக்கு அந்தப் பலம் இல்லை.

சட்டம் சொல்வது

ஒன்ராறியோவில் 9 கிலோ, அதாவது 20 இறாத்தல் வரும்வரை பிள்ளை பின்பக்கம் பார்த்த சீற்றில்தான் இருக்க வேண்டும். 9 முதல் 18 கிலோ வரை வார்ப்பட்டி உள்ள பிள்ளை சீற்றில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பூஸ்ரர் சீற். எட்டு வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் உயரம் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டும்வரை அது தேவை. மீறினால் 240 டொலர் அபராதமும் இரண்டு டிமெரிட் புள்ளிகளும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வாகனம் ஓட்டுபவரே பொறுப்பு. பிள்ளையின் தகப்பன் பக்கத்தில் இருந்தாலும், ஓட்டுகிற மாமாவுக்குத்தான் துண்டு வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, 9 கிலோ என்பது சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த அளவு. அந்த எடை வந்ததும் திருப்ப வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சீற்றின் எடை அளவும் உயர அளவும் இடம் கொடுக்கும்வரை பிள்ளையைப் பின்பக்கம் பார்த்தே வைத்திருங்கள் என்பதுதான் கனடியப் போக்குவரத்து அமைச்சின் அறிவுரை.

ஏன் பின்பக்கம் பார்க்க வேண்டும்?

பெரியவர்களின் உடம்போடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை மிகப் பெரியது. பிறந்த பிள்ளையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். கழுத்து எலும்புகளோ இன்னும் முழுதாக முற்றவில்லை. முன்பக்கம் பார்த்து இருக்கும்போது கார் மோதினால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னால் வீசப்படும். அந்த இழுவை முழுவதும் கழுத்தில் வரும். பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து சீற்றின் முதுகுப் பலகையில் அமரும். விசை பரவிவிடும்.

சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பேர்ட்டில் அல்ட்மன் விண்வெளி வீரர்களின் ஆசனத்தைப் பார்த்து இந்த யோசனையைப் பெற்றார். மேலெழும்பும் விசையை முதுகால் தாங்கும் விதமாகத்தான் அவர்களை அதில் கிடத்துவார்கள். 1964 இல் அவர் செய்த மாதிரி சீற் வொல்வோ காரில் வைத்துச் சோதிக்கப்பட்டது. அதன் வழிவந்ததுதான் இன்று நாங்கள் கடையில் வாங்குவது.

"பிள்ளை காலை மடக்கிக்கொண்டெல்லோ இருக்குது, பாவம். முன்னுக்குத் திருப்பி விடுங்கோவன்" என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் எழும். பிள்ளைகள் சப்பாணி கட்டி இருப்பதை நாங்கள் ஒவ்வொரு நாளும் காண்கிறோம். கால் மடங்கினால் அவர்களுக்கு நோகாது. கழுத்தைப் பற்றித்தான் நாங்கள் கவலைப்பட வேண்டும்.

கொன்வேர்ட்டபிள் சீற் யாருக்கு?

பிறந்த பிள்ளைக்கென்று கைபிடியோடு தூக்கிச் செல்லும் வாளி போன்ற சீற் உண்டு. பிள்ளை வளர்ந்ததும் அதை விட்டுவிட்டு இன்னொன்று வாங்க வேண்டும். கொன்வேர்ட்டபிள் என்பது முதலில் பின்பக்கம் பார்த்தும், பிறகு அதையே திருப்பி முன்பக்கம் பார்த்தும் பாவிப்பது. பல சீற்றுகள் 5 இறாத்தலில் தொடங்கி, பின்பக்கம் பார்த்து 40 இறாத்தல் வரையும், முன்பக்கம் பார்த்து 65 இறாத்தல் வரையும் போகும். ஒரு செலவோடு பல வருடம் ஓடும். ஆனால் அது காரிலேயே நிற்கும். நித்திரையான பிள்ளையை சீற்றோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக முடியாது. குறைமாதத்தில் அல்லது எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குச் சில கொன்வேர்ட்டபிள் சீற்றுகள் பெரிதாகவும் இருக்கும்.

இருநூறு டொலருக்குள்ளும் கிடைக்கிறது, ஐந்நூறு டொலருக்கு மேலும் இருக்கிறது. கனடாவில் விற்கப்படும் எல்லாமே ஒரே பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். கூடிய விலை துணிக்கும், மெத்தைக்கும், சுலபமாகப் பூட்டும் வசதிக்கும்தான் பெரும்பாலும் போகிறது. விலையைப் பார்த்து வெட்கப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்.

கடைக்குப் போகமுன் காரை அளவுங்கள்

தொழிற்சாலையில் ஒரு மெஷினை இறக்கமுன் வாசல் அகலத்தை அளப்பார்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான். அளவுநாடா ஒன்றை எடுங்கள். காரை வழமையாக ஓட்டுபவர் தனக்கு வசதியான இடத்தில் முன் சீற்றை வைக்கட்டும். ஸ்ரியரிங்குக்கும் நெஞ்சுக்கும் இடையில் 25 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும், காற்றுப்பை விரிவதற்கு அந்த இடம் தேவை. பிறகு முன் சீற்றின் முதுகிலிருந்து பின் சீற்றின் முதுகு வரை எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். பின் சீற்றின் அகலத்தையும் எழுதுங்கள்.

சின்னக் காரில் இடிப்பது பெரும்பாலும் அகலம் அல்ல, முன்பின் நீளம். 17 அங்குல அகலமுள்ள ஒடுக்கமான சீற்றுகள் இருக்கின்றன. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்க வேண்டிய குடும்பத்துக்கு அவை உதவும். ஆனால் ஒடுக்கமான சிலது பின்பக்கம் பார்க்க வைக்கும்போது நீளத்தில் அதிக இடம் பிடிக்கும். "ஒடுக்கம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம்.

இடம் மிச்சப்படுத்த ஒரு வழி சாய்வு. பிறந்த குழந்தையைச் சரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை முன்னால் விழுந்து மூச்சு அடைபடும். ஆனால் தலை நின்று, தானாக இருக்கப் பழகிய பிள்ளைக்கு சீற்றைக் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். அதனால் சில அங்குலம் மிஞ்சும். அந்தச் சில அங்குலம் பிள்ளையை இன்னும் இரண்டு வருடம் பின்பக்கம் பார்த்தே வைத்திருக்க உதவும். ஆகவே பல சாய்வு நிலைகள் உள்ள சீற்றைத் தெரிவு செய்யுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, பின் சீற்றின் நடு எல்லாப் பக்க மோதலுக்கும் தூரம். இரண்டு முன் சீற்றுகளுக்கும் இடையில் பிள்ளை சீற் நுழைந்துகொள்வதால் சில சின்னக் கார்களில் அது நன்றாகவும் பொருந்தும். ஆனால் நடுவில் மேடாக இருந்து சீற் ஆடினால் அங்கே வைக்க வேண்டாம். ஆடாமல் நிற்கும் ஓரத்து இடமே நல்லது. முன்னால் காற்றுப்பை உள்ள சீற்றில் பின்பக்கம் பார்த்த சீற்றை ஒருபோதும் வைக்காதீர்கள். பை வெடித்து விரியும் விசை பிள்ளையின் தலைக்கு நேரே வரும்.

கடையில் மாதிரிக்கு வைத்திருப்பதைக் காரில் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் பற்றுச்சீட்டையும் பெட்டியையும் கவனமாக வையுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

எங்களில் பலர் வீட்டில் ஒருவர் பகல் ஷிப்ற், மற்றவர் இரவு ஷிப்ற். பிள்ளை அம்மம்மா வீட்டில். ஒரே சீற் இரண்டு காருக்கும் மாறும். அப்படியானால் பாரத்தையும் பாருங்கள். 10 இறாத்தல் சீற்றும் உண்டு, 30 இறாத்தலைத் தாண்டுவதும் உண்டு. களைத்து வந்த ஒருவர் பனிக்குள் நின்று பூட்டப் போகும் சீற் அது. சுலபமாகப் பூட்டக்கூடியதுதான் சரியாகப் பூட்டப்படும்.

பூட்டுவது

2002 செப்ரெம்பர் 1 ஆம் திகதிக்குப் பின் செய்யப்பட்ட கார்களில் பின் சீற்றின் இடுக்கில் இரும்புக் கம்பிகள் இருக்கும். சீற்றின் கொளுக்கியை அதில் மாட்டலாம். அல்லது சீற் பெல்ற்றால் கட்டலாம். இரண்டும் ஒரே அளவு பாதுகாப்பு. புத்தகம் அனுமதித்தாலன்றி இரண்டையும் சேர்த்துப் பாவிக்கக்கூடாது. பிள்ளையின் எடை கூடும்போது கொளுக்கியை விட்டு பெல்ற்றுக்கு மாற வேண்டிய அளவும் புத்தகத்தில் இருக்கும். முன்பக்கம் பார்க்கத் திருப்பும் காலத்தில் ரெதர் எனப்படும் மேல்பட்டியைக் கட்டாயம் மாட்ட வேண்டும். தலை முன்னால் வீசப்படும் தூரத்தைக் குறைப்பது அதுதான்.

பூட்டிய பிறகு பெல்ற் ஓடும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. பின்பக்கம் பார்க்கும்போது தோள்வார் தோள் மட்டத்திலோ அதற்குக் கீழோ தொடங்க வேண்டும். முன்பக்கம் பார்க்கும்போது தோள் மட்டத்திலோ அதற்கு மேலோ. நெஞ்சுக் கிளிப் கமக்கட்டு மட்டத்தில் நிற்க வேண்டும். தோளில் வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும். பின்பக்கம் பார்த்து இருக்கும்போது பிள்ளையின் தலைக்கு மேல் ஓர் அங்குலம் சீற் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சாவிட்டால்தான் அந்த நிலையில் அது சிறுத்துப் போய்விட்டது.

குளிர்காலத்தில் தடித்த ஜக்கெற்றோடு வாரைப் பூட்டாதீர்கள். மோதும்போது ஜக்கெற் அமுங்கி வார் தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பூட்டி, மேலே போர்வையால் மூடுங்கள்.

எல்லை தாண்டிய சீற்றும் பழைய சீற்றும்

பஃபலோவில் மலிவு என்று அங்கே வாங்கி வருகிறார்கள். கனடாவில் பாவிக்கும் சீற்றில் வட்டத்துக்குள் மேப்பிள் இலை பதித்த தேசியப் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். அமெரிக்கக் கடைச் சீற்றில் அது இருக்காது. இங்கே அதைப் பாவிப்பது சட்டத்துக்கு மாறு.

சீற்றுக்கும் காலாவதித் திகதி உண்டு. உடம்பிலேயே அச்சடித்திருப்பார்கள். விபத்தில் அகப்பட்ட சீற்றை, பிள்ளை அதில் இருக்காவிட்டாலும், மாற்ற வேண்டும். பிளாஸ்ரிக்கின் உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. கராஜ் சேலில் விற்பவர் அதன் கதையைச் சொல்லமாட்டார். சொந்தத் தம்பியின் சீற் என்றால் திகதி, விபத்து இரண்டையும் விசாரித்து வாங்கலாம்.

பிள்ளை பிறக்கமுன் சாமான் வாங்கக்கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மனதை நோகடிக்க வேண்டாம். ஆனால் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்துக்கே சீற் வேண்டும். அளந்து, தெரிவு செய்து, பூட்டிப் பழகி, ஒரு சிநேகிதர் வீட்டில் வைத்துவிடலாம். 31 ஆம் நாளுக்கு மோதிரம், சங்கிலி போட நினைக்கும் மாமாமார் அந்தக் காசைச் சேர்த்து முன்கூட்டியே இதை வாங்கிக் கொடுத்தால் அதுவும் நல்ல சீர்தான்.

புத்தகம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் வரும். வாசிக்கக் கஷ்டம் என்று எறிந்துவிட வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பெறாமகளைப் பக்கத்தில் இருத்தி, படம் படமாக வாசிப்பியுங்கள். காரின் புத்தகத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முன் சீற்றில் பிள்ளை சீற் முட்டலாமா கூடாதா என்பது அந்த இரண்டிலும்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் கனடாப் பிள்ளைப் பயணிகள் பாதுகாப்புச் சங்கத்தில் பயிற்சி பெற்றவர்களிடம் காட்டிக் கேட்கலாம். பெட்டியில் இருக்கும் பதிவு அட்டையையும் நிரப்பி அனுப்புங்கள். பிழை கண்டுபிடித்துத் திருப்பி அழைத்தால் கம்பனி உங்களுக்கு அறிவிக்கும்.

பெரிய கார் வாங்கும் நாள் வரட்டும், நல்லது. அதுவரை பிள்ளை இந்தச் சின்னக் காரில்தான் வரப் போகிறது. இந்தச் சனி, ஞாயிறில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, உங்கள் சீற்றைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.