வெயிலும் வேகத்தடையும்: பேஸ் கித்தாரைக் காரில் பத்திரமாகக் கொண்டு செல்வது எப்படி?

திருமண விருந்து, கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டும் கலை இரவு என எங்கு மெல்லிசைக் குழு மேடை ஏறினாலும், ஓர் ஓரமாக நின்று பாட்டைத் தாங்கிப் பிடிப்பவர் பேஸ் கித்தார் கலைஞர். பாடகரை எல்லாரும் பார்ப்பார்கள். இவரைக் கவனிப்பவர்கள் குறைவு. ஆனால், அந்தக் கனத்த ஒலி ஒரு கணம் நின்றுவிட்டால் பாட்டே வெறுமையாகிவிடும். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இக்கலைஞர்களில் பலர் பகலில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் மேடை ஏறுபவர்கள். பல ஆண்டுகள் சேமித்து வாங்கிய கருவி ஒன்று வழியிலேயே உடைந்துபோனால், இழப்பு பழுது பார்க்கும் செலவோடு நிற்பதில்லை. அன்றைய நிகழ்ச்சியும் போகிறது. ஏற்பாட்டாளரிடம் சம்பாதித்த நல்ல பெயரும் போகிறது. ஈப்போவிலிருந்து கிள்ளானுக்கும் சிரம்பானிலிருந்து பினாங்குக்கும் காரில் கருவியை ஏற்றிச் செல்லும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சில அடிப்படைகளை இங்குக் காண்போம்.

எந்த இடம் முதலில் உடையும்?

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் கருவிதான் இன்றைய பேஸ் கித்தார்களுக்கு முன்மாதிரி. அதில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். அதே நிறுவனத்தின் சாதாரண மின் கித்தாரில் இந்த நீளம் 25.5 அங்குலம்தான். ஆகவே பேஸ் கித்தாரின் கழுத்து நீளமானது. தலைப்பகுதியில் உள்ள முறுக்காணிகளும் பெரியவை, கனமானவை. நான்கு தந்திகளும் சேர்ந்து அந்தக் கழுத்தை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ விசையுடன் முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

இப்போது இந்தக் கருவி பெட்டியோடு முதுகுப்புறமாகக் கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் பகுதி தரையில் பட்டு நின்றுவிடும். ஆனால், கனமான தலைப்பகுதி விழுந்த வேகத்திலேயே பின்னோக்கிப் போக முயலும். அந்த அதிர்ச்சி முழுவதையும் தலையும் கழுத்தும் சேரும் மெல்லிய இடம் தாங்க வேண்டியிருக்கிறது. கிப்சன் தண்டர்பர்ட் போலத் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும் கருவிகளில் ஆபத்து கூடுதல். மரத்தின் நார் அந்த இடத்தில் குறுக்காக வெட்டுப்பட்டிருப்பதே காரணம். பெட்டியின் மேல் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கழுத்து விரிசல் கண்டிருப்பது இப்படித்தான்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. பெட்டிக்குள் கழுத்தின் அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, கழுத்து அசையாதபடி தாங்கச் செய்ய வேண்டும். தலைப்பகுதி பெட்டியின் அடியையோ ஓரத்தையோ தொடாமல் சற்றே இடைவெளியுடன் இருக்க வேண்டும். தாங்க வேண்டியது கழுத்தைத்தான், தலையை அல்ல.

பையா, பெட்டியா?

மெத்தை வைத்துத் தைத்த கித்தார் பை எடை குறைவு, தோளில் மாட்டிக்கொள்ளலாம். தனியாகக் காரோட்டிச் சென்று, கருவியைத் தன் கையாலேயே ஏற்றி இறக்குபவருக்கு நல்ல தடிப்பான பை போதும். ஆனால், டிரம் செட், ஒலிபெருக்கி, விளக்குத் தாங்கி என எல்லாவற்றோடும் ஒரே வேனில் கருவி போகிறது என்றால், கெட்டியான பெட்டியைத் தவிர வேறு வழியில்லை. பை உராய்வைத் தடுக்கும். மேலே விழும் கனத்தைத் தடுக்காது.

எதில் வைத்தாலும், மூடுவதற்கு முன் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கித்தாரில் செருகிய கேபிளைக் கழற்றிவிட வேண்டும். அதை அப்படியே விட்டு மூடினால், ஓர் இடி பட்டாலும் ஜேக் துளையைச் சுற்றியுள்ள மரம் பிளந்துவிடும். இரண்டாவது, பெடல், சாவி, பேட்டரி, உபரி தந்தி போன்றவற்றைக் கருவி இருக்கும் அறையில் போடக்கூடாது. அவற்றுக்கு வேறு பை வேண்டும். மூன்றாவது, பெட்டியின் எல்லாக் கொக்கிகளையும் பூட்ட வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் போட்ட பெட்டியைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போது, மூடி திறந்து கருவி சாலையில் விழக்கூடும்.

காரில் எங்கே வைப்பது?

பேஸ் கித்தாரின் மொத்த நீளம் சுமார் 117 சென்டிமீட்டர். பெட்டியோடு சேர்த்தால் 120 சென்டிமீட்டரைத் தாண்டும். மைவி போன்ற சிறிய கார்களின் பின்பெட்டியில் அது குறுக்காக நுழையாது. பின் இருக்கையின் ஒரு பாதியை மடித்து, பின்பெட்டியிலிருந்து இருக்கை வரை நீளவாக்கில் படுக்க வைப்பது நல்லது. உடல் பகுதி காரின் முன்புறம் நோக்கி இருந்தால் இன்னும் சிறப்பு. திடீரென பிரேக் போடும்போது கனமான உடல் பகுதி இருக்கையில் முட்டி நிற்கும். கழுத்துக்கு அடி படாது.

இருக்கை மடியாத கார்களில், பின் இருக்கையில் குறுக்காகப் படுக்க வைத்து இருக்கை வாரால் கட்டலாம். கதவை மூடுமுன் தலைப்பகுதிக்கும் கதவுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். அவசரத்தில் சாத்தும் கதவே கழுத்தை ஒடித்துவிடும். முன் இருக்கையில் சாய்த்து நிறுத்துவதைத் தவிர்க்கலாம். ஓட்டுநரின் இடப்பக்கக் கண்ணாடியை அது மறைக்கும். காற்றுப்பை விரிந்தால் கருவி ஓட்டுநர் மேலேயே பாயும்.

கருவியைவிட ஆபத்தானது அதனுடன் வரும் ஆம்ப்ளிஃபையர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன் மீதோ மோதி ஒரு மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் சுமார் 14 மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். 20 கிலோ ஆம்ப்ளிஃபையர் அந்தக் கணத்தில் 280 கிலோ போல இடிக்கும். அது கருவியை மட்டுமல்ல, முன்னால் அமர்ந்திருப்பவரின் முதுகையும் நொறுக்கும். ஆகவே ஆம்ப்ளிஃபையரைப் பின்பெட்டியின் தரையில், மடிக்காத இருக்கையின் முதுகோடு ஒட்டி வைத்துக் கட்ட வேண்டும். கித்தார் மேல் எதையும் அடுக்கக்கூடாது.

தோட்டத்துச் செம்மண் சாலைகளிலும், தாமான்களில் வீட்டுக்கு வீடு எழும்பியிருக்கும் வேகத்தடைகளிலும் கருவி துள்ளாமல் இருக்க, பெட்டியின் அடியில் பழைய கம்பளி ஒன்றை விரித்து, இரு பக்கமும் தலையணை செருகினால் போதும். இதற்கெனத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

வெயில்தான் பெரிய எதிரி

நம் நாட்டில் மோதலைவிடக் கருவிகளுக்கு அதிகம் கேடு செய்யக்கூடியது வெயிலில் நிறுத்திய கார். வெளியே 33 பாகை வெப்பம் இருந்தால், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 45 பாகையைத் தாண்டிவிடும். வெயில் நேராகப் படும் இடங்களில் அதைவிடக் கூடுதல். கறுப்பு நிறப் பெட்டி அந்த வெப்பத்தை இன்னும் உறிஞ்சிக்கொள்ளும். மரவேலையில் பயன்படும் பல பசைகள் 60 பாகையை ஒட்டிய வெப்பத்தில் இளகத் தொடங்குகின்றன. பசை இளகும் நேரத்திலும் தந்திகள் இழுப்பதை நிறுத்துவதில்லை. விளைவு: கழுத்து வளைகிறது, விரற்பலகையின் ஓரம் விலகுகிறது, பழைய வகை மெருகு மென்மையாகிப் பையின் துணியோடு ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே நெடுஞ்சாலை ஓய்வுத்தலத்தில் சாப்பிட இறங்கும்போது, கூரையுள்ள நிறுத்துமிடம் இருந்தால் அங்கே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ஒருவர் குளிரூட்டியை ஓடவிட்டு காரிலேயே இருக்க, மற்றவர்கள் முறைவைத்துச் சாப்பிடலாம். தனியாகப் பயணம் செய்பவர் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு உணவுக் கடைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிரிலிருந்து வெளியே வரும்போது

குளிரூட்டியும் தன் பங்குக்குத் தொல்லை தரும். வெளியே 32 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது, 27 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். காருக்குள் 22 பாகையில் மூன்று மணி நேரம் இருந்த கருவியை மண்டப வாசலிலேயே திறந்தால், தந்தி, பிக்கப், திருகு அனைத்திலும் வியர்வைபோல ஈரம் பூக்கும். துரு பிடிப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது. மேடைக்குக் கொண்டு வந்ததும் அரை மணி நேரம் பெட்டியை மூடியே வைத்திருந்து, பிறகு திறந்து, உலர்ந்த துணியால் துடைத்துச் சுருதி சேர்க்க வேண்டும். கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்திலிருந்து கீழே இறங்கும்போதும் இதே விதிதான்.

தந்தியைத் தளர்த்த வேண்டுமா?

மூத்த கலைஞர்களிடையே அடிக்கடி எழும் வாதம் இது. கழுத்துக்குள் ‘டிரஸ் ராட்’ எனும் எஃகுக் கம்பி இருக்கிறது. தந்திகள் முன்னே இழுக்க, அது பின்னே இழுத்துச் சமன் செய்கிறது. தந்தியை முழுவதுமாகத் தளர்த்திவிட்டால் அந்தச் சமநிலை குலைந்து, கழுத்து பின்பக்கம் வளையலாம். ஒருநாள் கார் பயணத்துக்குத் தந்தியைத் தொடவே தேவையில்லை. தலை சாய்ந்த வகைக் கருவி நீண்ட தூரம் போகிறது என்றால், ஒன்று அல்லது இரண்டு சுரம் இறக்கி வைத்தால் போதுமானது.

திருட்டும் காப்புறுதியும்

கித்தார் பையின் வடிவமே உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். வெளியிலிருந்து தெரியாதபடி கறுப்புத் துணியால் மூடுவது நல்லது. போய்ச் சேர்ந்த இடத்தில் வைத்து மூடுவதைவிட, புறப்படும் முன்னரே மூடிவிட வேண்டும்; நிறுத்துமிடத்தில் நின்று மூடினால் பார்ப்பவர் கண்ணுக்கு அதுவே அழைப்பு. நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் பொருள் ஏற்றும்போது ஒருவர் காருக்கு அருகிலேயே நிற்க வேண்டும்.

கார் காப்புறுதி இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஆனால், வாகனத்துக்கான காப்புறுதி பொதுவாக உள்ளே இருக்கும் சொந்தப் பொருள்களுக்கு இழப்பீடு தராது. மதிப்புமிக்க கருவிக்குத் தனிக் காப்புறுதி கிடைக்குமா என்று முகவரிடம் கேட்டு வைப்பது நல்லது. கருவியின் தொடர் எண், முன்பக்கம், பின்பக்கம், ஏற்கெனவே உள்ள கீறல்கள், வாங்கிய ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்திருந்தால், காவல் நிலையத்தில் புகார் செய்யும்போதும் இழப்பீடு கேட்கும்போதும் பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.

ஜோகூர் பாலம் கடந்து சிங்கப்பூரில் வாசிக்கச் செல்பவர்களுக்கும் அந்த ரசீது உதவும். கருவி புதிதாக வாங்கியதல்ல என்பதை அது காட்டும். இன்னொன்றும் உண்டு. ஈட்டி மர வகைகள் பலவற்றுக்கு 2017-இல் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாடு வந்தது. முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஆனால், பிரேசில் நாட்டு ஈட்டி மரத்துக்கு 1992 முதல் உள்ள கடுமையான கட்டுப்பாடு இன்றும் தொடர்கிறது. மிகப் பழைய, அரிய கருவி வைத்திருப்பவர்கள் எல்லை தாண்டும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பெரிய வேலைபோலத் தோன்றினாலும், பழகிவிட்டால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கழுத்துக்கு ஒரு துண்டு, கேபிள் கழற்றல், நீளவாக்கில் படுக்கை, கட்டிய ஆம்ப்ளிஃபையர், நிழலில் நிறுத்தம், அரை மணி நேரப் பொறுமை. குழுவில் புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பாட்டைச் சொல்லித் தரும்போதே இதையும் சேர்த்துச் சொல்லித் தந்தால், மேடையில் ‘ரெடியா?’ என்று கேட்கும்போது கருவியும் ரெடியாக இருக்கும்.